மாமா எழுதிக் கொடுத்த நாற்பது வார்த்தைகள்

கார்பன் தாளின் நீல மசி விரலில் ஒட்டிக்கொண்டால் சோப்பு போட்டுத் தேய்த்தாலும் லேசில் போகாது. ஒன்பதாம் வகுப்பு முடிந்த அந்தக் கோடை விடுமுறை முழுக்க என் விரல்களும், சில நாள் மூக்கு நுனியும்கூட, அந்த நீலத்தில்தான் இருந்தன. முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, அம்மா பிறந்த வீட்டில் பெரிய மாமா இருந்தார். வக்கீல் ஒருவரிடம் குமாஸ்தா. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் எழுதிய தாத்தா காலத்துப் பத்திரங்கள் பிரெஞ்சில் இருந்ததால் வீட்டில் ஒருவராலும் அவற்றைப் படிக்க முடியாமல் போன ஆற்றாமை அவருக்கு உண்டு. "இனிமே எல்லாம் இங்கிலீஷுதான் பாப்பா, கோர்ட்டு இங்கிலீஷ் தெரிஞ்சவள எவனும் ஏமாத்த முடியாது" என்பார்.

வீணாய்ப்போன கார்பன் நகல்களைக் கொண்டுவந்து, பின்பக்கத்தில் வார்த்தையும் எதிரே தமிழில் பொருளும் எழுதித் தருவார். 'ஹியர்இன்ஆஃப்டர்' என்றால் இதன்பின். 'எக்ஸிகியூட்' என்றால் தூக்கில் போடுவதல்ல, எழுதிக் கொடுப்பது. அவருடைய நண்பர்கள் வந்தால் என்னை நிற்கவைத்து ஒப்பிக்கச் சொல்வார். அவர்கள் "அடேயப்பா" என்பார்கள். நான் இரண்டு அங்குலம் வளர்ந்துவிடுவேன்.

நாற்பது வார்த்தைகள் முடிந்தபோது மாமா நாலு பக்கப் பத்திரத்தோடு வந்தார். "நாளைக்கு நம்ம புள்ளைங்களுக்குள்ள தகராறு வரக்கூடாது கமலா, வீட்டுல அவங்கவங்க பங்க எழுதி வச்சிரலாம்" என்றார் அம்மாவிடம். அப்பா, "அது உங்க வீட்டு விஷயம்" என்று தேங்காய்த்திட்டு துறைமுகத்து மீன் ஏலத்துக்குக் கிளம்பிவிட்டார். அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். என்னைக் கூப்பிட்டாள்.

படித்தேன். மூச்சு முட்டும் நீள வாக்கியங்கள்; அவற்றின் நடுவே 'ரிலிங்க்விஷ்' என்ற வார்த்தை. மாமாவின் பட்டியலில் அதற்கு எதிரே 'உறுதி செய்தல்' என்று இருந்தது. "உன் பங்க உறுதி பண்றேன்னு எழுதியிருக்கும்மா" என்றேன். மாமா மெல்லத் தலையசைத்தார். பதிவு அலுவலகத்தில், "என்ன எழுதியிருக்குன்னு தெரியுமாம்மா?" என்று கேட்டார்களாம். "எம்பொண்ணு படிச்சுச் சொல்லிட்டா சார்" என்று பெருமையாகச் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

பள்ளி திறந்ததும் உயிர்த்தோழியைப் பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை எழுதச் சொன்னார்கள். எங்கள் நட்பை நான் 'ரிலிங்க்விஷ்' செய்கிறேன் என்று எழுதினேன். டீச்சர் சிரித்தார். "ஏன்டி, ரெண்டு பேருக்கும் சண்டையா?"

நூலகத்துக்கு ஓடி அகராதியைப் புரட்டினேன். விட்டுக்கொடுத்தல், உரிமை துறத்தல். மற்ற வார்த்தைகளையும் ஒவ்வொன்றாகத் தேடினேன். முப்பத்தொன்பதும் சரியாக இருந்தன.

அம்மாவிடம் சொன்னபோது அவள் அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு நேரே அண்ணன் வீட்டுக்குப் போனாள். மாமா என் பக்கம் திரும்பவே இல்லை. "எழுதறப்போ கை தவறிடுச்சு கமலா. இப்ப பதிவாயிடுச்சே, இன்னா பண்றது?" என்றார்.

"என்னைக் கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன்ணா. எம்புள்ள வாயால வாங்கிட்டியே" என்றாள் அம்மா. அதுதான் அவரோடு அவள் பேசிய கடைசிப் பேச்சு.

என்னை அவள் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. ஆனால் அதன்பின் வீட்டுக்கு வந்த எந்தக் காகிதத்தையும் என்னிடம் நீட்டவில்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம் எடுத்துப் போனாள்.

இன்று அந்த வீடு இல்லை. மாமா விற்றுவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அங்கே சுவரில் மஞ்சள் பூசிய விடுதி நிற்கிறது. நான் ஒரு நிறுவனத்தில் ஒப்பந்தங்கள் எழுதுகிறேன், ஆங்கிலத்தில்தான். அம்மா, ஊரின் இன்னொரு பகுதியான சாரத்தில் என்னோடு இருக்கிறாள். போன மாதம் வங்கியிலிருந்து ஒரு படிவம் வந்தது. வரி வரியாகத் தமிழில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, படிவத்தை மடித்துக்கொண்டு எழுந்தாள்.

"மாடி வீட்டுப் பொண்ணுகிட்ட ஒரு தபா காட்டிட்டு வந்துடறேன்" என்றாள். "தப்பா நெனச்சுக்காத."