பெயிண்ட் கடை மருமகளும் வெளுத்த பவளமும்

மந்திரமாவது மண்ணாங்கட்டியாவது. மேல்வீட்டுக்காரி அப்படி எதைப் பார்த்துவிட்டாள்? என் மருமகள் ஒரு கண்ணாடித் தொட்டி முன்னால் உட்கார்ந்து அட்டைகளை மாற்றி மாற்றி நீட்டியதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வாய் முணுமுணுத்ததைப் பார்த்தாள். அவ்வளவுதான். அதற்குள், "அந்த வீட்டு மருமக தண்ணிக்குள்ள பேய் வளக்குறா" என்று தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள். மருமகள் முணுமுணுத்தது எண். பதினாறு, பதினஞ்சு, பதினாலு. இதைக் கேட்டு எந்தப் பேய் வரும்?

அவள் பெயிண்ட் கடையில் வண்ணம் கலப்பவள். பதினொரு வருஷமாக அதே வேலை. யாராவது சுவரிலிருந்து சுரண்டிய துண்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினால், கண்ணைச் சுருக்கி ஒரு நொடி பார்ப்பாள். அதே வண்ணத்தை டப்பாவில் கலந்து கொடுத்துவிடுவாள். கல்யாணமாகி இந்த வீட்டுக்குள் வந்த அன்றைக்கே, "அத்தை, இந்தச் சுவர் ரெண்டு டப்பாவுல அடிச்சது. பாதிக்கு மேல வேற கலர்" என்றாள். பதினாலு வருஷமாக எங்கள் கண்ணில் படாத விஷயம். அன்றிலிருந்து எனக்கும் அது தெரிகிறது. அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

அப்படிப்பட்டவளுக்குப் பவளத்தின்மேல் ஆசை வந்ததில் என்ன அதிசயம்? கூடத்தில், டிவிக்கு எதிரே, உப்புத் தண்ணீர்த் தொட்டி ஒன்றை வைத்தாள். உள்ளே நாலைந்து பவளம். பார்க்கக் கல் மாதிரி இருக்கும், ஆனால் உயிருள்ளது. கிளை கிளையாக இருந்த ரோஸ் கலர் பவளத்தின்மேல்தான் அவளுக்கு உயிர். வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறம்வரை கட்டங்களுக்கு எண் போட்ட கடைக் கலர் கார்டை அதன் பக்கத்தில் பிடித்து, "பதினேழாம் கட்டம், அத்தை. எந்த டப்பாவுலயும் இந்த ரோஸ் வராது" என்பாள்.

அதுதான் வெளுக்க ஆரம்பித்தது.

தொட்டி இருந்த இடத்தில் சோபா போட வேண்டும் என்று என் மகனுக்கு நெடுநாள் ஆசை. படுத்துக்கொண்டே டிவி பார்க்க வேண்டுமாம். "மாசக் கடைசிக்குள்ள அது தேறலன்னா தொட்டிய வித்துடு. செத்த கல்லுக்கு எதுக்கு கரண்டு?" என்றான். "சரி" என்றாள் அவள். சண்டை போட்டிருந்தால்கூட எனக்குப் பயமில்லை. அந்தச் 'சரி'க்குத்தான் பயந்தேன்.

அவளும் பார்க்காத வைத்தியமில்லை. உப்பை அளந்தாள், சூட்டை அளந்தாள், வாளி வாளியாகத் தண்ணீர் மாற்றினாள். கூடத்தில் யாரும் சென்ட் அடிக்கக் கூடாது என்றாள். என் மகன் மாடிப்படியில் நின்று அடித்துக்கொண்டு வேலைக்குப் போனான். பவளமோ பன்னிரண்டு, பதினொன்று என்று இறங்கிக்கொண்டே வந்தது.

ஒரு நாள் தரையோடு தரையாகப் படுத்துக் கிளைகளின் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். அங்கே பதினேழு அப்படியே இருந்தது.

"தண்ணி கெட்டிருந்தா மேலயும் கீழயும் சேந்து வெளுக்கணும், அத்தை. மேல மட்டும் வெளுத்திருக்கு. தொட்டி மேல இருக்குற லைட்டு வெளிச்சந்தான் ஜாஸ்தியாகுது."

"லைட்டோட குமிழு நீ வெச்ச எடத்துலதானே இருக்கு" என்றேன். இது பொய்யில்லை. சாயங்காலம் அவள் வரும்போது அங்கேதான் இருக்கும்.

மறுநாள் மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் கடையிலிருந்து வந்து நின்றாள். நான் தொட்டியோரம் நாற்காலி போட்டு, விளக்கின் குமிழைக் கடைசிவரை திருகிவிட்டு, ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். பழைய சட்டையில் தலையணை உறை தைப்பது என் பகல் வேலை. இந்த வீட்டில் அந்த விளக்குபோல் வேறு விளக்கு கிடையாது. தைத்து முடித்ததும் குமிழைப் பழைய இடத்துக்கே திருப்பிவிடுவேன். எழுத்துதான் எனக்குத் தெரியாது, இடம் தெரியும்.

"எவ்ளோ நாளா, அத்தை?"

"ஏழு தலகாணி உறை" என்றேன்.

அவள் கணக்குப் போட்டுப் பார்த்து இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு பொறுமையாகச் சொன்னாள். பவளத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறதாம். பவளத்துக்குச் சோறு போடுவதும் அதுதான். நிறத்தில் முக்கால்வாசியும் அதனுடையதாம். வெளிச்சம் தாங்காமல் போனால் பவளம் அதை வெளியே துரத்திவிடுமாம்.

"சோறு போடுறவனையே தொரத்துதா? அப்ப தப்பு அதும்மேலதான்" என்றேன். இப்போதும் அதையேதான் சொல்வேன்.

"ஒங்க கண்ண டாக்டர்ட்ட காட்டலாம்னு எத்தன தடவ சொன்னேன்?"

"எங்கண்ணுக்கு ஒண்ணுமில்ல. ஊசி சின்னதா வருது இப்பல்லாம்."

மகனிடம் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "லைட்ல சின்னக் கோளாறு, சரி பண்ணிட்டேன்" என்றாள். ஆனால் நிறம் போவதுபோல் அவ்வளவு சீக்கிரம் திரும்பி வராதாம். மாசக் கடைசியில் பவளம் பத்தாம் கட்டத்தில் நின்றது. சோபா வாசலுக்கே வந்துவிட்டது. இரண்டு ஆள்கள் அதைச் சாய்த்துப் பிடித்தபடி நிலைப்படியில் நின்றார்கள்.

"பத்துன்னா தேறினதா, தேறலையா?" என்று மகன் கேட்டான்.

அவள் பவளத்தை எடுக்க வாளியைக் கொண்டுவந்தாள். அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை.

"டேய், வெளுக்க வெச்சது நான்தான்டா. தைக்கிறதுக்கு வெளிச்சத்த ஏத்துனேன். சோபாவத் திருப்பி அனுப்பு. உள்ள வந்துச்சுன்னா அதுக்கும் ஒறை தைப்பேன், ஒன் நல்ல சட்டையெல்லாம் கிழிச்சு."

"அம்மா, நீயா?"

"அண்ணே, கை வலிக்குது" என்றார் சோபா பிடித்தவர்களில் ஒருவர்.

மகன் என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், தான் போட்டிருந்த சட்டையையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டான். "இன்னும் ஆறு மாசம் பாக்கலாம்" என்று முனகினான். ஆள்கள் சோபாவைப் பின்னால் இழுத்தார்கள். அது நிலைப்படியில் மாட்டிக்கொண்டு உள்ளேயும் வரவில்லை, வெளியேயும் போகவில்லை.

மருமகள் வாளியைக் கீழே வைத்தாள். பர்ஸை எடுத்தாள்.

"எங்க கெளம்பிட்ட?" என்றான் மகன்.

"அத்தைக்குத் தனியா ஒரு லைட்டு வாங்க."

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, மாட்டிக்கிடந்த சோபாவுக்கு அடியில் குனிந்து நுழைந்து, வாசலைத் தாண்டிப் போனாள்.