சூப்பருக்குப் பின்னால் ஒரு சொல்

1. சூப் திரும்பி வந்த கிழமை

ஒஸ்லோவில் ஓர் அலுவலகக் கட்டிடத்தின் கன்டீனில் பதினெட்டு வருடம் தலைமைச் சமையல்காரியாக இருந்தேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். இதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன், நடந்ததற்கெல்லாம் அதுதான் காரணம்.

ஒரு திங்கட்கிழமை எங்கள் மேலாளர் யோருன் அடுக்களைக்குள் வந்து கதவைச் சாத்தினார். சூடான சாப்பாட்டை நிறுத்திவிட்டு வெறும் பாண் துண்டும் சீஸும் போதும் என்று மேல்மாடியில் பேச்சாம். மீன் சூப் பாதி குப்பைக்குப் போகிறதாம். இரண்டு கிழமையில் நிர்வாகிகள் வந்து சாப்பிட்டுப் பார்ப்பார்கள், அதற்குப் பிறகு முடிவு என்றார். சூடான சாப்பாடு நின்றால் எங்கள் நாலு பேருக்கும் அங்கே வேலை இல்லை.

என்னால் நம்ப முடியவில்லை. எங்கள் அடுக்களையில் தினமும் பத்தரை மணிக்கு ருசி பார்க்கிற வழக்கம் உண்டு. ஒவ்வொருவர் கையிலும் நானே ஒரு கரண்டி கொடுப்பேன். போலந்துக்காரி டனூட்டா "சூப்பர்" என்பாள். இத்தாலிக்காரன் மார்கோ "சூப்பர்புவோனோ" என்பான். யாழ்ப்பாணத்து வேலணையில் இருந்து வந்த ரூபன், அப்போதே நாற்பத்தைந்து வயது, "சூப்பர் அக்கா" என்பார். ஒரு நாளும் இது மாறியதில்லை.

2. யார் சொன்ன பொய்

அன்று மூன்று பேரையும் நிறுத்திக் கேட்டேன். டனூட்டா என் முகத்தைப் பார்த்தாலே வாய் எழும்பாது என்று நேராகச் சொல்லிவிட்டாள். மார்கோ அடுப்பைத் துடைக்கத் தொடங்கினான். ரூபன் மட்டும் மெதுவாகச் சொன்னார்.

"உப்புக் கூடத்தான் அக்கா. நீங்கள் கையிலை தந்த சாப்பாட்டை எப்பிடிக் குறை சொல்லுறது?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எங்கள் வீடுகளில் விருந்துக்குப் போனால் கறி கரித்தாலும் நல்லாயிருக்கு என்று சொல்லித்தான் எழும்புவோம். அந்தப் பழக்கத்தை ரூபன் அடுக்களைக்கும் கொண்டுவந்திருந்தார். கடையில் வாங்கும் மீன் சாற்றில் ஏற்கெனவே உப்பு இருக்கும். நானோ வீட்டில் போடுகிற மாதிரி கைக்கணக்கில் இன்னொரு பிடி போட்டுக்கொண்டிருந்தேன். காலையில் இருந்து சட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறவளின் நாக்குக்கு அது தெரியவில்லை.

3. புதுச் சட்டம்

மார்கோதான் வழி காட்டினான். சூப்பர் என்பது பழைய லத்தீன் சொல், "மேலே" என்று பொருள், அது ஏதாவது ஒன்றின் தலையில் ஏறி உட்காரத்தான் பிறந்தது என்றான். பிறகுதான் நானும் கவனித்தேன். நோர்வேக்காரர் நல்லதைச் சூப்பர்ப்ரா என்பார்கள், காய்ந்துபோன மீனைச் சூப்பர்தோர் என்பார்கள். சாப்பிட வருகிற ஒல்லாந்து எஞ்சினியர் ருசியானதற்குச் சூப்பர்லெக்கர் என்பார். இப்படி அரை ஐரோப்பாவும் ஒரே சொல்லை முன்னால் ஒட்டிக்கொண்டு திரிகிறது. ஜெர்மன்காரரும் டனூட்டாவும் எங்கள் தமிழாட்களும் பின்னால் எதையும் வைக்காமல் சூப்பரை மட்டும் சொல்லிவிட்டுத் தப்பிவிடுவோம்.

அடுத்த நாள் சுவரில் தாள் ஒட்டினேன். ருசி பார்க்கும்போது சூப்பர் சொல்லலாம், ஆனால் பின்னால் இன்னொரு சொல் சேர்த்து, சூப்பர் என்னவென்றும் சொல்ல வேண்டும். முதல் மூன்று நாள் எல்லோரும் என் முகத்தைப் பார்த்து விழுங்கினார்கள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு கேட்கத் தொடங்கினேன். அதற்குப் பிறகு குறைகள் மழையாகக் கொட்டின. கேரட் வேகவில்லை, பால் கூடிப்போச்சு, மீன் உடைந்துவிட்டது. கோபம் வராமல் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு திருத்தினேன்.

4. பரீட்சை

நிர்வாகிகள் சாப்பிட வரும் நாளுக்கு யோருன் கோழி செய்யச் சொன்னார். நான் மீன் சூப்தான் என்று பிடிவாதமாக நின்றேன். தோற்ற இடத்திலேயே வெல்ல வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. அவ்வளவு சட்டம் போட்டும், பதற்றத்தில் என் கை பழைய பழக்கத்துக்குப் போயிருக்கிறது. பத்தரைக்குக் கரண்டி கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றேன். பின்னால் ரூபன்தான் முந்திக்கொண்டார்.

"சூப்பர்சால்ட் அக்கா."

நோர்வே மொழியில் சால்ட் என்றால் உப்புக் கரிப்பது. உடனே குளிர்பெட்டியில் நாங்களே மீன் முள்ளில் வடித்து வைத்திருந்த உப்பில்லாச் சாற்றைப் பெரிய சட்டியோடு தூக்கி ஊற்றினேன், கிரீமும் புது மீனும் சேர்த்தேன். மறுபடி கரண்டி. ரூபன் நிதானமாக ருசித்தார். "இப்ப சூப்பர்ப்ரா" என்றார்.

பன்னிரண்டரைக்கெல்லாம் ஆறு நிர்வாகிகளின் கிண்ணமும் துடைத்த மாதிரி இருந்தது. இரண்டு பேர் வரிசையில் மறுபடி வந்து நின்றார்கள். சூடான சாப்பாடு தொடரும் என்ற செய்தியோடு யோருன் ஓடிவந்து, "சூப்பர்!" என்றார்.

நாலு பேரும் ஒரே குரலில் கேட்டோம், சூப்பர் என்ன?

அவர் ஒரு வெறும் கிண்ணத்தை எடுத்து நீட்டி, "சூப்பர்சுல்தென்" என்றார். பயங்கரப் பசி என்று அர்த்தம். அன்று நான் சிரித்த சிரிப்பு மேல்மாடிக்கும் கேட்டிருக்கும்.

அடுக்களைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். மற்றவரிடம் அபிப்பிராயம் கேட்கும் முன் உங்கள் முகத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள். முடியாவிட்டால் என்னைப் போலச் சுவரைப் பார்த்து நில்லுங்கள். எங்கள் நாலு பேரின் வேலையும் அன்று நிலைத்தது ரூபன் வாய்திறந்து சொன்ன அந்த ஒரு குறையால்தான்.