நன்றி கெட்ட ஊர்கள்

பாக்கியவதிக்குச் சிரிப்பு வந்துவிட்டால் அடக்கத் தெரியாது. முக்கூடலில் வயலும் வரப்புமாக இருந்த அப்பா ஆசிரியப் பயிற்சிக்குப் போகச் சொல்ல, அடம்பிடித்துக் கணினி படித்தவள். 1994-ல் வண்ணார்பேட்டையில் ஐயம்பெருமாளின் கணினி மையத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்று, திரையில் தன் பெயர் பச்சை எழுத்தில் வந்ததற்கே விழுந்து விழுந்து சிரித்தாள்.

அந்த ஆண்டு அவளுக்கும் தோழி மும்தாஜ் பேகத்துக்கும் கிடைத்த வேலை, தாமிரபரணிக் கரை ஊர்களுக்கான பேருந்து நேரப் புத்தகம். ஊருக்கு ஒரு கோப்பு. தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பார்கள். அச்சுக்குப் போகும்போது அது தமிழாகிவிடும். ஒவ்வொரு கோப்பையும் 'நன்றி' என்று முடிக்க வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு.

எல்லாம் அடித்து முடித்த மதியம் மின்சாரம் போய்ப் போய் வந்தது. பிறகு பார்த்தால், ஆறு கடலில் சேரும் புன்னக்காயலின் கோப்பு பாதியில் அறுந்து கிடந்தது. காலைப் பேருந்து புறப்படுகிறது. எங்கும் போய்ச் சேரவில்லை.

"கடலுக்குள்ள போயிட்டு போல" என்றாள் மும்தாஜ்.

ஐயம்பெருமாளுக்குச் சிரிப்பு வரவில்லை. வேறு எவையெல்லாம் கெட்டன என்று பார்க்க, எல்லாக் கோப்புகளையும் திறந்து படிக்கச் சொல்லிவிட்டு, அச்சகத்துக்காரரைச் சமாதானப்படுத்தக் கிளம்பினார்.

நாலைந்து படித்ததுமே கண் பூத்துவிட்டது. அப்போதுதான் பாக்கியவதிக்கு யூனிக்ஸ் வகுப்பில் படித்த 'கிரெப்' நினைவு வந்தது. கேட்ட சொல் எந்தக் கோப்பில் இருக்கிறது என்று தேடித் தரும் கட்டளை. பாதியில் அறுந்த கோப்பில் கடைசி 'நன்றி' இருக்காதே என்று, 'நன்றி'யைத் தேடச் சொன்னாள். நல்ல ஊர்களெல்லாம் மளமளவென்று ஓடி மறைந்தன. கெட்டது எதுவென்று தெரியவில்லை. கட்டளையோடு ஒரு 'சி' சேர்த்தாள். ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில், அங்கே எத்தனை வரியில் நன்றி இருக்கிறது என்ற எண் வந்தது. அந்த விடையையே இன்னொரு கிரெப்பிடம் தள்ளி, பூஜ்யம் வாங்கிய ஊர்களை மட்டும் கேட்டாள். கண் மூடித் திறப்பதற்குள் அஞ்சாறு பெயர்கள் வந்து நின்றன.

"ஏட்டி, இங்கன வா. நன்றி கெட்ட ஊரெல்லாம் மாட்டிக்கிட்டு."

மும்தாஜ் எட்டிப் பார்த்தாள். "அதுல ஒன் ஊரும் இருக்குல்லா."

முக்கூடல் கோப்பைத் திறந்தால் முழுசாக இருந்தது. அதை அடித்த அன்று கடைசிப் பேருந்தைப் பிடிக்கிற அவசரத்தில் பாக்கியவதிதான் நன்றி போட மறந்திருந்தாள். இருவருக்கும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

அந்தச் சிரிப்புக்கு நடுவே பாக்கியவதிக்கு ஒன்று உறைத்தது. கடைசி வரி நல்லபடியாக இருந்து, நடுவில் கெட்டிருந்தால்? எழுத்து, எண், நிறுத்தற்குறி தவிர வேறு எதுவும் புகுந்த வரிகளைத் தேடினாள். ஏரல் அகப்பட்டது. பேருந்து நேரங்களுக்கு நடுவே, கெட்டுப்போன எழுத்துகள் திரையில் சீட்டுக்கட்டின் ஆட்டினும் ஸ்பேடுமாக, வரிசையாகச் சிரிக்கும் முகங்களாகத் தெரிந்தன. கோப்பே தங்களைப் பார்த்துச் சிரிக்கிறது என்று பாக்கியவதி சொன்னதும் மும்தாஜ் நாற்காலியில் இருந்து சரிந்துவிட்டாள்.

கெட்டவற்றைத் திரும்ப அடித்து முடிக்கும்போது ஐயம்பெருமாள் வந்தார். எல்லாம் படித்தாயிற்றா என்று கேட்டார்.

"படிக்கல அண்ணாச்சி. தேடச் சொன்னேன், அதுவே சொல்லிட்டு."

நம்பாமல் தாமே பல கோப்புகளைத் திறந்து பார்த்தார். குறையில்லை. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, தணிந்த குரலில் தம் பெயரைத் தேடச் சொன்னார். கணினி எந்தக் கோப்பையும் காட்டவில்லை. அவர் முகம் வாடியதைப் பார்த்த பாக்கியவதி, புத்தகத்தின் முதல் பக்கத்துக்கான கோப்பில் 'வெளியிடுபவர் ஐயம்பெருமாள்' என்று சேர்த்துவிட்டு மறுபடி தேடினாள். வந்தது.

"இன்னொரு மட்டம் தேடும்மா" என்றார் அவர். "பைய வரட்டும்."