சிவகிரிப் பெண் கொடுத்த இடி

சென்ற வருடம் ஐப்பசி மழை சற்று விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சங்கரன்கோவிலில் பெண்கள் கால்பந்துப் போட்டி. முட்டியில் ஆபரேஷன் ஆனபிறகு நான் மறுபடி மைதானத்தில் இறங்கிய முதல் நாள் அது. விளையாடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் மனசுதான் ஒத்துக்கொள்ளவில்லை. இன்றைக்கு முட்டி தாங்காவிட்டால் பூட்ஸை யாருக்காவது கொடுத்துவிடுவது என்று முடிவு செய்துதான் போனேன்.

படுத்துக் கிடந்த மாதங்களில் எனக்குத் துணை, செல்போனில் பார்த்த ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர். என்னைப்போல ஸ்டிரைக்கர், என்னைப்போல முட்டி போனவர். ஒரு கிளப் கைவிட்டால் இன்னொரு சின்னக் கிளப்புக்குப் போய்க் கோல் அடித்துக்கொண்டே இருந்த மனுஷர். நம் ஊரில் ஒருத்தருக்கும் அவரைத் தெரியாது. என் வீட்டுக்காரர் மட்டும், "ஸ்காட்லாந்து அண்ணாச்சி இன்னைக்கு கோல் அடிச்சாரா?" என்று கேலி செய்வார்.

முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு அந்த ஸ்காட்லாந்துக்காரர் ஆடிய முதல் ஆட்டத்தின் வீடியோவில் எதிரணி ஆள் ஒருவர் அவரை இடித்துத் தள்ளுவார். இவர் சேற்றில் விழுந்து, எழுந்து, சிரிப்பார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவே இல்லை.

அன்று எதிரணி சிவகிரி. கொஞ்ச நேரத்திலேயே பந்து கிடைத்து ஓடினேன். தடுக்க வந்த பெண் கிட்டே வந்ததும் ஒதுங்கிக்கொண்டாள். கோல் விழுந்தது. எல்லோரும் கை தட்டினார்கள், எதிரணிக்காரிகளும் தட்டினார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. காய்ச்சல்காரிக்குக் கஞ்சி கொடுப்பதுபோல அந்தக் கோலைக் கொடுத்திருக்கிறார்கள். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

இடைவேளையில் நேரே அவளிடம் போய், ஏன் ஒதுங்கினாய் என்று கேட்டேன்.

"எக்கா, ஒங்க முட்டு ஆபரேஷன் பண்ணுனதுன்னு எல்லாருக்கும் தெரியும்லா. மறுபடி ஏதும் ஆயிட்டுன்னா அந்தப் பாவம் எனக்கெதுக்கு?"

"நீ மோதலன்னா, இது தாங்குமா தாங்காதான்னு நான் எப்படி தெரிஞ்சுக்கிடுவேன், ஏட்டி? பந்துக்கு வா. இனி விட்டுக் குடுத்தேன்னா நான் வெளிய போயிருவேன்."

என் முட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தலையாட்டினாள்.

அடுத்த முறை பந்தோடு போனபோது அவள் ஒதுங்கவில்லை. பந்தைச் சுத்தமாகத் தட்டிவிட்டு, தோளால் ஒரே இடி. கரிசல் சேற்றில் குப்புற விழுந்தேன். அவள் ஓடி வந்து, "எக்கா, வலிக்கா?" என்றாள்.

காலை மெல்ல மடக்கினேன், நீட்டினேன். எழுந்து நின்றேன். முட்டி தாங்கியது. வாயெல்லாம் மண், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த ஸ்காட்லாந்து மனுஷர் எதற்குச் சிரித்தார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு அந்தப் பாதகத்தி என்னைக் கோல் பக்கமே விடவில்லை. தோற்றுத்தான் போனோம். வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழுவிக் காயப்போட்டேன்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடுகிறேன். யாராவது இடித்துத் தள்ளினால் வலிக்கு முன்னால் சந்தோஷம் வந்துவிடுகிறது. இவள் இன்னும் ஆட்டக்காரிதான் என்று நம்பித்தானே இடிக்கிறார்கள்.