அண்ணன் அனுப்பிய கருப்பு வெள்ளைக் குருவி

ஆஸ்திரேலியாவில் வெல்டிங் வேலைக்குப் போன அண்ணன் மூன்று படங்கள் அனுப்பியிருந்தான். கம்பி வேலியில் ஒரு குருவி. மேலே கருப்பு, வயிறு வெள்ளை. கூட வேலை செய்பவர்கள், 'இதன் பெயர் என்ன, திங்கட்கிழமைக்குள் சொல் பார்ப்போம்' என்று அவனைச் சீண்டியிருக்கிறார்கள். அவன் எட்டாவதோடு நின்றவன். அவர்கள் முன்னால் தெரியாது என்று நிற்க அவனுக்கு மனமில்லை.

எங்கள் வீட்டில் பட்டா, மருந்துச் சீட்டு, எந்தக் காகிதம் வந்தாலும் என் கைக்குத்தான் வரும். படித்தவள் நான் ஒருத்தி. தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. கல்லூரியில் பறவை பார்க்கும் குழுவிலும் இருந்தேன். திருநின்றவூர் ஏரிக்கரையில் பார்க்கும் குண்டுக்கரிச்சான் மாதிரியே இருந்தது. ஐந்து நிமிடத்தில் அதன் ஆங்கிலப் பெயரை அனுப்பிவிட்டேன்.

மறுநாள் அம்பத்தூருக்கு ரயிலில் போகும்போது படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். குண்டுக்கரிச்சானுக்கு இறக்கையில் இருக்கும் வெள்ளைப் பட்டை இதற்கு இல்லை. கண்ணுக்கு மேல் மெல்லிய வெள்ளைக் கோடு. தேடினால், குண்டுக்கரிச்சான் அந்த நாட்டிலேயே கிடையாது. இரண்டு நாள் இணையத்தில் கருப்பு வெள்ளைப் பறவைகளாகப் புரட்டினேன். பெரிதா சிறிதா என்றுகூடப் படத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. தினமும் அதைப் பார்க்கிறவனிடம் கேட்கத் தோன்றவில்லை. அவனுக்கு என்ன தெரியும் என்று நினைத்திருந்தேன்.

ஞாயிறு காலை போன் செய்து, "நான் சொன்னது தப்புண்ணா" என்றேன்.

"இன்னா பாப்பா, நீகூட தப்பு பண்ணுவியா?" சிரித்தான்.

"அது என்ன பண்ணும்? எப்படி நடக்கும்?"

"ஒரு எடத்துல சும்மா உக்காராது. வாலை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டிகினே கீது. சோறு துன்ன உக்காந்தா காலாண்டயே வந்து ஈ புடிக்கும். காக்கா வந்தாகூட தொரத்திகினு போவுது."

பத்து நிமிடத்தில் கிடைத்தது. வில்லி வேக்டெயில்; வேக்டெயில் என்றாலே வாலாட்டி. உடனே அவனுக்கு அனுப்பினேன். மூன்று படத்திலும் வால் அசையாமல்தான் இருந்தது.

திங்கட்கிழமை மாலை அவனே கூப்பிட்டான்.

"கரெக்ட்டுன்னுட்டானுங்க. யார் சொன்னதுன்னு கேட்டானுங்க."

"நீ என்ன சொன்னே?"

"நானே கண்டுபுட்ச்சேன்னேன்."

சுருக்கென்றது. அவன் சொன்னதில் பாதிக்கு மேல் உண்மை என்பதால், சரி என்று விட்டுவிட்டேன்.