ஷமீமா தேடிய வாசகி

எதிரே வருபவரின் முகத்தைப் பார்க்குமுன் பனியனைப் பார்த்துவிடுவார் ஷமீமா. நல்லூர் பஸ் ஸ்டாப்பில் யாராவது ஒரு பாப் குழுவின் படம் போட்ட பனியனோடு இறங்கிவிட்டால் போதும், ஸ்கூட்டரை அப்படியே விட்டுவிட்டு ஓடுவார். அது கீழே சாயாமல் பிடித்துக்கொள்வது பின் சீட்டில் வரும் என் வேலை.

பகலெல்லாம் பனியன் கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். மிச்ச நேரத்தில் பதின்வயதுப் பிள்ளைகளுக்கான பாப் இசைப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர், நிருபர், ஓவியர், எல்லாமே அவர்தான். அதுவும் தமிழில்! முதல் இதழ் தயார். ஆனால் அச்சகம் அண்ணன் கியாசுதீனுடையது. "யாரு படிப்பாங்கன்னு ஆளக் காட்டு, அப்பறம் மெசின ஓட்டறேன். ஞாயித்துக்கெழம வரைக்கும்தான் பாப்பேன், அப்பறம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

"இதென்னங்க பெரிய விசயம்! எந்த குரூப் பனியன் போட்டிருக்காங்களோ, அவங்கதானுங்க நம்ம ரீடரு" என்று துள்ளிக் கிளம்பினார் ஷமீமா. வேறு ஊராக இருந்தால் இந்தக் கணக்கு சரியாக வந்திருக்கும். நம் திருப்பூரில்? ஏற்றுமதியில் கழித்துப்போட்ட செகண்ட்ஸ் பனியனைப் போடாத ஆள் உண்டா இங்கே! 'மூன் பெப்பர்' என்ற பெண்கள் குழுவின் பனியனோடு முதலில் சிக்கியவர் டீ மாஸ்டர் கிட்டுசாமி.

"இவங்க பாட்டுல எதுங்க சாமி உங்களுக்குப் புடிக்கும்?"

"யாரு பாட்டு? காத்தோட்டமா இருக்குதுன்னு போட்டேன் அம்மிணி."

அடுத்து மாட்டியவர் அதே படம் போட்ட பனியனால் லாரிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஷமீமாவின் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், பாவம் ஒரு பக்கம்.

ஞாயிற்றுக்கிழமை காதர்பேட்டைக்குப் போனோம். செகண்ட்ஸ் கடையில் குவியல் குவியலாகப் பனியன். அண்ணன் வைத்த கெடு அன்றோடு முடிந்தாலும் ஷமீமாவின் வாய் ஓயவில்லை. பள்ளிக்கூட வயதில் ஒரு பெண் 'மூன் பெப்பர்' பனியன் ஒன்றை எடுத்து விரித்தாள். முகம் மலர்ந்தது. மறு நொடியே சீ என்று குவியலில் எறிந்தாள்.

"ஏங்கண்ணு, அவங்களப் புடிக்காதா?"

"புடிக்கறதா? உசுருங்க்கா! ஆனா இதுல நாலு பேருதான் இருக்காங்க. ராப் பாடற புள்ளையக் காணோம். அவள வுட்டுப்போட்டு அடிச்சத நான் போடுவனா?"

"அவ போனாப் போறா, மெயினாப் பாடறவ இருக்கறாள்ல?" என்று சீண்டினாள் கூட வந்த தோழி. போச்சு! "அவ இல்லாட்டி குரூப்பே இல்லடி" என்று இவள் எகிற, பக்கத்துக் கடையில் பேரம் பேசிக்கொண்டிருந்த அதே வயதுப் பெண்கள் நாலைந்து பேர் ஓடி வந்து ஆளுக்கொரு கட்சி சேர்ந்தார்கள். கடைக்காரர் பேந்தப் பேந்த விழித்தார்.

ஷமீமா என் கையைக் கிள்ளியே விட்டார். "போடறவங்க இல்லீங்க! தப்பா அடிச்சதப் போடமாட்டேங்கறாங்க பாருங்க, இவங்கதானுங்க நம்ம ஆளு!"

உடனே அண்ணனைப் போனில் கூப்பிட்டார். "அலோ, என்ன ஷமீமா?" என்றார் கியாசுதீன். பதில் சொல்லத் திறந்த வாயைத் தன் கையாலேயே பொத்திக்கொண்டு, நுனிக்காலில் எம்பி, அந்தக் கூச்சலின் நடுவே போனை நீட்டிப் பிடித்தார் ஷமீமா.