மாப்பிள்ளை என்று பெயர் வைத்த கெளுத்தி

என் வீட்டுக்காரர் பெண்களுக்குத் துணி தைப்பவர். டேப்பைக் கழுத்தில் போட்டிருப்பாரே தவிர, எடுத்து அளந்ததில்லை. உள்ளே நுழைகிறவள் வாசலிலிருந்து மேசைக்கு வருவதற்குள் ஒரு பார்வை பார்ப்பார். தோள், மார்பு, இடுப்பு எல்லாம் மண்டைக்குள் ஏறிவிடும். மனுஷனுக்கு அதில் தலைக்கனம் கொஞ்சநஞ்சமில்லை.

அந்தத் தலைக்கனம் இறங்கியது பள்ளித் தலைமையாசிரியைக்குத் தைத்த கோட்டில். கடை நிறைய ஆள் இருக்கும்போது அந்த அம்மா போட்டுப் பார்த்தார். முன்பக்கம் இரண்டும் ஒன்றோடொன்று சேரவே இல்லை. "கண்ணை டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து இவர் துணியில் கத்திரி வைக்கமாட்டேன் என்கிறார். அளப்பார், மறுபடி அளப்பார், மடித்து வைத்துவிடுவார். கத்திரி எடுக்காத தையல்காரருக்கு எத்தனை நாள் கடை ஓடும்?

கடைசியில் இந்த வழக்குக்கு அவர் தேடிப்பிடித்த நீதிபதி ஒரு மீன்.

தையல் மிஷின் பக்கத்தில், துணி அடுக்கும் அலமாரிக்கு அடியில், ஒரு கண்ணாடித் தொட்டி. அதற்குள் விரல் நீளத்தில் ஒரு கெளுத்தி. மீசையும் மிடுக்குமாகத் திரிவதால் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர்.

"மாப்பிள்ளைக்கு நானே பாத்து ஒரு பொண்ணு எடுத்துட்டு வரேன்" என்றார். "முட்டை போட்டா என் கண்ணு சரி, மறுநாளே கத்திரிய எடுக்கிறேன். இல்லன்னா கடைய மூடிடலாம்."

வளர்ப்பு மீன் விற்கும் கடைக்கு நானும் கூடப் போனேன். "கெளுத்திய மேலேருந்து பாக்கணும். பொண்ணு வயித்துப் பக்கம் அகலமா இருக்கும், ஆணு ஒல்லியா இருக்கும்" என்று கடைக்காரர் சொன்னதுதான் தாமதம், இவர் தொட்டி தொட்டியாகக் குனிந்து பார்த்துவிட்டு, "இதோ, இவதான்" என்றார்.

"அதுக்கும் மீசை இருக்கே?" என்றேன்.

"மீசை எல்லாத்துக்கும்தான் இருக்கும். நீ சும்மா இரு."

"இப்பதான் தீனி போட்டேன், சார்..." என்று கடைக்காரர் இழுத்தார். யார் காதில் விழுந்தது?

புது மீனைத் தொட்டியில் அப்படியே கொட்டினால் அதிர்ச்சியில் செத்துப்போகுமாம். சூடு ஒத்துப்போக முதலில் பையோடு மிதக்கவிட்டார். பிறகு ஒரு பாத்திரத்துக்கு மாற்றி, தொட்டியிலிருந்து மெல்லிய குழாய் இழுத்து, அதில் முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார். அதிரும் என்று மிஷினை நிறுத்தினார். வெளிச்சம் ஆகாதென்று விளக்கை அணைத்தார். யாரோ கோட்டுக்குக் கொடுத்த கறுப்பு லைனிங் துணியைப் பாத்திரத்தின் மேல் போர்த்தினார். பழைய கவுனைப் பிடித்துத் தைத்து வாங்க வந்த நர்ஸம்மா, உடம்பெல்லாம் குண்டூசியோடு திரைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"அசையாம அப்படியே நில்லுங்கம்மா, பொண்ணு பயந்துடும்."

"எந்தப் பொண்ணு?" என்றார் அவர் இருட்டுக்குள்ளிருந்து.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். நான் கல்யாணமாகி வந்தபோது என்னை இப்படி ஒரு சொட்டாவது விட்டுப் பழக்கினாரா? வந்த வாரமே பொத்தான் ஓட்டைக்குக் காஜா எடுக்க உட்காரவைத்துவிட்டார்.

தொட்டிக்குள் போன மறுநாளே பெண் ஒல்லிக்குச்சியாகிவிட்டது. "பொறந்த வீட்டு ஏக்கம்" என்றார். எனக்குச் சந்தேகம்தான்.

சில வாரம் கழித்து, காலையில் கடையைத் திறந்தால், தொட்டிக் கண்ணாடியில் முட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. போட்டு ஒட்டியது மாப்பிள்ளை. வயிற்றடித் துடுப்பில் முட்டையை இடுக்கிக்கொண்டு வந்து, இடம் பார்த்துப் பார்த்து ஒட்டிக்கொண்டிருந்தார். பெண் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தது.

இவர் தொட்டியை அலமாரிக்கு அடியிலிருந்து வெளியே இழுத்து, முதல்முறையாக மேலேயிருந்து பார்த்தார். மாப்பிள்ளை நல்ல அகலம். இத்தனை வருஷமும் மிஷினில் உட்கார்ந்தபடி பக்கவாட்டில் மட்டுமே பார்த்திருக்கிறார். புதிதாக வந்ததோ, வயிறு முட்டத் தின்றிருந்த ஆண். சாப்பிட்ட கையோடு வருகிறவர்களுக்கு இடுப்பளவு பார்க்கக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர் இவர்!

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஒண்ணு ஆணு, ஒண்ணு பொண்ணுன்னு சொன்னீங்க. அது சரியாத்தானே இருக்கு?"

அவர் சிரிக்கவில்லை. கத்திரியைக் காகிதத்தில் சுற்ற ஆரம்பித்தார். "வருஷக்கணக்கா பக்கத்துல இருந்ததையே தெரியல. போதும், கடைய மூடிடலாம்."

எங்கிருந்துதான் அந்த ஆத்திரம் வந்ததோ. "பக்கத்துல இருக்கிறத நீங்க என்னைக்குப் பாத்திருக்கீங்க?" என்று கத்திவிட்டேன்.

திரும்பினார். வாசலிலிருந்து வருகிறவளைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை. தோளில் ஆரம்பித்து இடுப்பில் வந்து நின்றது. முகம் மாறிப்போயிற்று.

"இடுப்பு ரெண்டு இஞ்சு கொறஞ்சிருக்கு" என்றார் மெதுவாக. "தோளும் எறங்கியிருக்கு. உனக்கு என்ன பண்ணுது?"

கொஞ்ச காலமாகவே எனக்குச் சோறு இறங்கவில்லை. உட்கார்ந்து எழுந்தால் தலை சுற்றும். கேட்பார் யாருமில்லை என்று உள்ளுக்குள் குமைந்துகொண்டிருந்தேன். அவர் கழுத்திலிருந்த டேப்பைப் பிடுங்கி இடுப்பைச் சுற்றிப் பார்த்தேன். பழைய அளவிலிருந்து குறைந்திருந்தது சரியாக இரண்டு இஞ்சு. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றேன். "போய்த் துணிய வெட்டுங்க."

அவர் வெட்டவில்லை. கடையைப் பூட்டிவிட்டு என்னை டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனார்.